முப்பத்தெட்டு வினாடி முகம்

அத்தியாயம் ஐந்து

நாலு மணிக்குக் கையெழுத்து. இப்போது மணி இரண்டு இருபது. நூறு நிமிடத்துக்குள் ஒரு மனிதனை நிரபராதி ஆக்கியாக வேண்டும் என்ற சேதி மொக்கையின் மூளைக்கு முன்னால் அவன் காலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எலும்பு மருத்துவமனையின் வரவேற்புக் கூடத்தில் அது தையல் மெஷின் மிதிப்பதுபோலத் தானாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். ஆடுகிற காலைக் கண்டால் பொறாமை வரக்கூடிய இடம் அது.

மொக்கை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பத்து வருடமாக அவன் சொல்லி வந்த ஜோக்குகளின் தரத்தைப் பார்த்து ஊர் கொடுத்த பட்டம். அவன் உதவியாளனாக இருப்பது துருவியிடம். துப்பறியும் அந்த அம்மாளுக்கும் அது பட்டப்பெயர்தான். எந்த விஷயத்தையும் தேங்காய் மூடிபோல ஓடு தெரிகிறவரை துருவாமல் விடமாட்டாள் என்பதால் வந்தது. அவளும் உட்காரவில்லை. கூடத்தின் நீளத்தை நடந்து அளந்துகொண்டிருந்தாள்.

கூடம் முழுக்க ஜனம். எல்லாருடைய கையிலும் போன், எல்லாருடைய கட்டைவிரலும் திரையைக் குத்திக்கொண்டிருந்தது. இந்த மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க டோக்கன் வேண்டும். டோக்கன் வெப்சைட்டில் மட்டும்தான் கிடைக்கும். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து வெப்சைட் திறக்க மறுத்தது. மாடியில் டாக்டர்கள் நோயாளி இல்லாமல் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே நோயாளிகள் டாக்டர் இல்லாமல் நொண்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருபது படிக்கட்டு, ஒரு லிஃப்ட்.

இதற்கெல்லாம் காரணம் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்தான் என்று இயக்குநர் முடிவு கட்டிவிட்டார். போட்டி மருத்துவமனைக்காரர்கள் சொல்லி அவர் வேண்டுமென்றே கெடுத்துவிட்டாராம். இன்று திங்கள். நாலு மணிக்கு விசாரணைக் குழுவின் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் வேலை மட்டும் போகும். மறுத்தால் போலீஸ்.

துருவியை அமர்த்தியது அந்த ஊழியரின் மாமனார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மாப்பிள்ளை சர்வரில் இருக்கிறார் என்று அவர் முதலில் சொன்னபோது மொக்கை எந்த ஹோட்டல் என்று கேட்டு, ஒரு முழு நிமிடம் முறைக்கப்பட்டான். வாத்தியாருக்கு மாப்பிள்ளையின் நேர்மையில் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. அவருடைய சொந்த முழங்காலுக்கே ஆறு நாளாக டோக்கன் கிடைக்கவில்லை.

"திருடனாவே இருக்கட்டும்மா," என்று அவர் துருவியிடம் சொல்லியிருந்தார். "ஆனா என் பொண்ணு முன்னால அதை நான் சொல்ற நிலைமை வரக்கூடாது. வேற யாராவது திருடியிருந்தா கண்டுபிடிச்சுக் குடுங்க."

நடந்துகொண்டிருந்த துருவி மொக்கையின் முன்னால் நின்றாள். வெப்சைட்டைத் திறந்து பார்க்கச் சொன்னாள். அவன் திறந்தான். வெள்ளைத் திரை. பிறகு, மேலிருந்து மெல்ல மெல்ல, திரைச்சீலை இறங்குவதுபோல, கறுப்பாக ஏதோ வந்தது.

"பாஸ், முடி வந்தாச்சு," என்றான் மொக்கை. "நெத்தி இன்னும் கிளம்பலை."

முடி மட்டுமே பத்து வினாடி இறங்கியது. அடர்த்தியான, அலை அலையான முடி. பிறகு நெற்றி, புருவம், கருணை பொழியும் கண்கள் என்று இயக்குநரின் முகம் தவணை முறையில் வந்து சேர்ந்தது. முகத்துக்குக் கீழே, கடைசியாக, டோக்கன் வாங்கும் பெட்டி. முப்பத்தெட்டு வினாடி. இதற்குள் கூடத்தில் எல்லாருமே பொறுமையிழந்து மூடிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள். மூடினால் வந்த முடியும் போச்சு.

துருவி அவனை மூடிவிட்டு மறுபடி திறக்கச் சொன்னாள். இந்தத் தடவை கண் சிமிட்டுவதற்குள் முழுப் பக்கமும் வந்து நின்றது. மொக்கை போனைத் தட்டிப் பார்த்தான். கூட வந்திருந்த வாத்தியாரின் போனை வாங்கித் திறந்தார்கள். மறுபடியும் முடி, நெற்றி, புருவம், முப்பத்தெட்டு. இரண்டாம் தடவை, ஒரு வினாடி.

"முதல் தடவை வர்றவனுக்குத் தண்டனை, ரெண்டாவது தடவை வந்தா மரியாதை," என்றான் மொக்கை. "எங்க மாமியார் வீட்டுக்கு நேர் எதிர்."

துருவி சிரிக்கவில்லை. சிரிக்காவிட்டால் அவளுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். பிடிபடாவிட்டாலும் சிரிக்கமாட்டாள் என்பது வேறு விஷயம்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, சட்டையில் 'பார்வையாளர்' என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். எட்டு வருடம் வேலை பார்த்த கட்டடம். ஸ்டிக்கரின் ஒரு மூலை பிரிந்திருந்தது. அதை அவர் விரலால் அழுத்துவதும் அது மறுபடி எழுவதுமாக இருந்தது. மாமனாரைக் கண்டதும் எழுந்து நின்றார். மாமனார் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தார்.

நடந்ததை மாப்பிள்ளை சொன்னார். போன திங்கட்கிழமை, வெப்சைட்டை வேகப்படுத்த அவர் சர்வரில் ஒரு மாட்யூலைப் போட்டார். அன்று ஊருக்கே ஒரு வினாடியில் திறந்தது. செவ்வாய் மதியம் படுத்துவிட்டது. என்னவென்று பார்க்கப் போனவரை இயக்குநர் சர்வர் அறை வாசலிலேயே நிறுத்தி வெளியேற்றினார். செவ்வாய் காலை 11.20-க்கு அவருடைய பாஸ்வேர்டில் யாரோ நுழைந்து மாட்யூலின் அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். அவ்வளவுதான் குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. எதை மாற்றினார்கள் என்று பார்க்க அவருக்கு இன்றுவரை அனுமதியில்லை. அந்த நேரத்தில் அவர் சர்வர் அறையில் தனியாக இருந்தார். சாட்சி, நாலு மெஷின்கள்.

மாட்யூல் என்றால் என்ன என்று துருவி கேட்டாள். தன் மாமனாருக்கும் புரியவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் அந்தப் பக்கம் பார்த்தே சொன்னார்.

"ஊருக்குப் போக புருஷன் பெட்டி கட்டறான்னு வெச்சுக்குங்க. எல்லாத்தையும் சுருட்டித் திணிப்பான். பெட்டி மூடாது. பொண்டாட்டி வந்து எல்லாத்தையும் வெளிய எடுத்து, மடிச்சு, வேண்டாததைத் தூக்கிப் போட்டு, போனதும் தேவைப்படற துண்டையும் சோப்பையும் மேல வெச்சு, மத்ததை அடியில அடுக்குவா. பெட்டி பாதியாயிடும். அந்தப் பொண்டாட்டிதாங்க இந்த மாட்யூல். பக்கத்தை யார் எப்படித் திணிச்சிருந்தாலும், சர்வரை விட்டு வெளிய போறப்ப அடுக்கி அனுப்பிடும்."

"சட்டைப் பையில பழைய பஸ் டிக்கெட், சீட்டு எல்லாம் கிடக்குமே?" என்றாள் துருவி.

"அதையும் எடுத்துப் போட்டுடும். போட்டோவுக்குள்ளயும் அப்படிச் சீட்டு இருக்கு. எந்த நாள் எடுத்தது, எந்த மெஷின்ல திருத்தினதுன்னு. பார்க்கறவங்களுக்கு அது எதுக்கு, வெறும் சுமை."

ஒரு துணியை மட்டும் தொடாதே என்று அந்தப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா என்று துருவி கேட்டாள். முடியும், விலக்குப் பட்டியல் என்று ஒன்று உண்டு, அதில் ஒரு படத்தின் பெயரைப் போட்டுவிட்டால் மாட்யூல் அதைச் சுருக்காது, நகர்த்தாது, பையைத் துழாவாது, அப்படியே அனுப்பிவிடும் என்றார் மாப்பிள்ளை. இரண்டாம் தடவை வேகமாகத் திறப்பதற்குக் காரணமும் அவரிடம் இருந்தது: ஒரு தடவை வந்த படத்தைப் போன் தன்னிடமே வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை சர்வரிடம் கேட்காது.

மொக்கையின் கால் இன்னும் வேகமாக ஆடியது. அப்படியானால் அந்த முகம்தான் பெட்டியை அடைக்கிறது. அந்த முகத்தைத் தொடாதே என்று யாரோ செவ்வாய்க்கிழமை பட்டியலில் போட்டிருக்கிறார்கள்.

மாப்பிள்ளை தயங்கி ஒன்றைச் சேர்த்தார். திங்கட்கிழமை இயக்குநரிடம் எல்லாவற்றையும் திரையில் காட்டி விளக்கியபோது, அவர் தன் படம் சுருங்குமா என்று மூன்று தடவை கேட்டாராம். சுருங்கும், கீழேயும் போகும், டோக்கன் பெட்டிதான் முதலில் வரும் என்று இவர் மூன்று தடவையும் உண்மையைச் சொல்லித் தொலைத்தாராம்.

"சரிதான்," என்றான் மொக்கை, மாடிப்படியில் துருவியின் பின்னால் ஓடிக்கொண்டே. "இயக்குநர் உத்தரவு போட்டிருக்காரு. உத்தரவை நிறைவேத்தின கை யாரோடதுங்கறதுதான் கேள்வி."

இயக்குநர் அறையின் பெயர்ப்பலகை கதவைவிட இரண்டு அங்குலம் அகலம். வெளிக்கூடத்தில் அவர் ரிப்பன் வெட்டும் படம் ஏழு இருந்தது. எட்டாவதாக ஒரு பெரிய திரை. அதோடு இணைந்த மெஷின் நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்சைட்டைத் திறந்து, எடுத்துக்கொண்ட நேரத்தை அந்தத் திரையில் பச்சை எழுத்தில் போட்டது: 0.9 வினாடி. 0.9 வினாடி. 0.9 வினாடி. ஊரே எரிந்தாலும் அந்தத் திரைக்குக் குளிர்காலம்தான்.

செயலாளர் அம்மாள் ஃபைல்களை அடுக்கிக் கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளைத்தான் மொக்கை மனதுக்குள் கைது செய்து வைத்திருந்தான். அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், ஆனால் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஊழியர் எல்லாரும் தங்கள் பாஸ்வேர்டை உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும் என்று போன வருடம் ஒரு சுற்றறிக்கை. பாதுகாப்புக்காகவாம். உறைகள் அலமாரியில். சாவி ஐயாவிடம். ஐயா கம்ப்யூட்டர் பழகுவாரா என்று துருவி கேட்டாள். தொடவே மாட்டார், அதற்கெல்லாம் ஆள் இருக்கிறது என்று மேடைக்கு மேடை சொல்வார் என்றாள் செயலாளர். செவ்வாய் காலை 11.20-க்கு அவர் எங்கே?

"தினமும் பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் தியானம். உள்ள ஓய்வறையில. யாரும் கதவைத் தட்டக்கூடாது. நான் இங்கதான் காவல் இருப்பேன்."

காவல் என்றால் தனியாகவா என்று மொக்கை கேட்டான். தனியாகத்தான் என்றாள், குரல் இறங்கி. அலமாரிச் சாவி அந்த நேரம் மேஜை மேல் இருக்குமோ என்று அவன் கேட்டதும் அவள் அடுக்கின ஃபைல்களை மறுபடி கலைத்தாள். மொக்கை துருவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். மணி மூன்று நாற்பது.

வெளியே தாழ்வாரத்தில் துருவி ஒரே ஒரு வேலை சொன்னாள். போனில் அந்த முகத்தைச் சேமித்து, விவரம் என்ற இடத்தை அழுத்திப் பார்க்கச் சொன்னாள்.

மொக்கை பார்த்தான். ஒரு தடவை படித்தான். இன்னொரு தடவை படித்தான்.

அன்று முதல் முறையாக அவன் கால் ஆடுவது நின்றது.

நாலு மணிக்கு விசாரணை அறையில் குளிர்சாதனம் வேலை செய்தது, அதனால் யாருக்கு வியர்க்கிறது என்று தெரியவில்லை. குழுவின் தலைவர் பெரிய டாக்டர். நாற்பது வருடம் எலும்பு ஒட்டியவர்; ஒட்டாததை ஒட்டினதாகச் சொல்லிப் பழக்கமில்லாதவர். இரு பக்கமும் தலையாட்ட இரண்டு உறுப்பினர்கள். மேஜை மேல் ஒப்புதல் கடிதம், மூடி கழற்றிய பேனா. இயக்குநர் எழுந்து பேசினார். நிறுவனத்தின் நற்பெயர், தன் முப்பதாண்டுத் தியாகம், நல்ல பாம்பைப் பால் ஊற்றி வளர்த்தது என்று ஆறு நிமிடம் பேசினார். ஒரு காதோரத்திலிருந்து இன்னொரு காதுக்கு அனுப்பி வைத்த முடியை, ஒவ்வொரு தியாகத்துக்கும் ஒரு தடவை தடவிக்கொடுத்தார்.

மாப்பிள்ளை பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துருவி இரண்டு நிமிடம் கேட்டு வாங்கினாள். பெரிய டாக்டரிடம் அவருடைய போனில் வெப்சைட்டைத் திறக்கச் சொன்னாள். தனக்கு எதற்கு டோக்கன், இதுவரை திறந்ததே இல்லை என்றார் அவர். அதனால்தான் கேட்கிறேன் என்றாள். அவர் திறந்தார். வாத்தியார் யாரும் கேட்காமலே வகுப்பறைக் குரலில் எண்ண ஆரம்பித்தார். பத்தில் முடி. பதினாறில் நெற்றி. முப்பத்தெட்டில் டோக்கன் பெட்டி.

"அறை வாசல்ல என் திரையைப் பாருங்க," என்றார் இயக்குநர். "பாயிண்ட் ஒன்பது."

துருவி விளக்கினாள். அந்த முகத்தை யாரோ மாட்யூலின் விலக்குப் பட்டியலில் போட்டதால் அது சுருங்காமல் வருகிறது. திரையோடு இணைந்த மெஷின் செவ்வாய்க்கிழமை ஒரு தடவை அந்த முகத்தை வாங்கிவிட்டது, அதற்குப் பிறகு தன்னிடம் இருப்பதையே எடுத்துத் தனக்கே காட்டிக்கொள்கிறது. நோயாளி முதல் தடவை வருகிறவர். இயக்குநர் மட்டும்தான் தன்னைத் தானே நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்கிறவர். தலையாட்டும் உறுப்பினர்களில் ஒருவர் ஆட்டுவதை நிறுத்தினார்.

படத்தை விலக்குப் பட்டியலில் போட்டதும் இவன் பாஸ்வேர்ட்தானே என்றார் இயக்குநர். அந்த உறையைக் காட்ட முடியுமா என்றாள் துருவி. அவர் கம்பீரமாகப் போய், இடுப்புச் சாவியால் அலமாரியைத் திறந்து, உறையைக் கொண்டுவந்து வைத்தார். ஒட்டியபடியே இருந்தது. ஒட்டின இடத்தின் மேல் போட்ட கையெழுத்தில் மட்டும் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் நடுவே நகக்கண் அளவு வித்தியாசம். திறந்து, மறுபடி ஒட்டியிருக்கிறார்கள்.

பெரிய டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தப்பா சேர்ந்த முறிவு," என்றார்.

இயக்குநர் முடியை ஒரு தடவை தடவிக்கொண்டார். பிறகு வருத்தம் தோய்ந்த முகத்தோடு திரும்பி, வாசலில் நின்ற செயலாளர் அம்மாளைப் பார்த்தார். பதினொரு மணிக்குத் தான் தியானத்தில் இருக்கும்போது சாவி மேஜையில்தான் இருக்கும், நம்பி மோசம் போனேன் என்றார். செயலாளர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் முன்புவரை இதே ஆளைத்தான் தானும் கைது செய்து வைத்திருந்தோம் என்று நினைத்தபோது மொக்கைக்கு வெட்கமாக இருந்தது.

"மொக்கை," என்றாள் துருவி, "சட்டைப் பையில என்ன சீட்டு?"

மொக்கை எழுந்தான். படத்தைச் சுருக்க வேண்டாம் என்று பட்டியலில் போட்டவர், அதோடு மாட்யூல் அதன் பையைத் துழாவி எறிவதையும் நிறுத்திவிட்டார், அதனால் சீட்டு அப்படியே ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறது என்று முன்னுரை சொன்னான். தொண்டையைச் செருமினான். வாழ்க்கையில் அவனுக்கு இவ்வளவு நல்ல ஜோக்கை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

"திருத்திய நாள், செவ்வாய். நேரம், காலை பதினொண்ணு அஞ்சு. திருத்திய மெஷின், இயக்குநர் ஓய்வறை. படத்தோட பழைய பேரு..." இங்கே அவன் ஒரு மூச்சு விட்டான். "முடி, நாற்பத்தாறு."

எல்லார் கண்ணும் போனிலிருந்த தலைக்குப் போய், அங்கிருந்து எதிரிலிருந்த தலைக்கு வந்தது.

ஓய்வறையில் மெஷின் இருப்பதே தனக்குத் தெரியாது என்று செயலாளர் மெதுவாகச் சொன்னாள். ஒரு வருடமாக அந்தக் கதவுக்குத் தான் காவல் என்றும் சொன்னாள். கம்ப்யூட்டரைத் தொடாத மனிதர் ஏன் தொட்டார் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஆள் வைத்திருப்பவருக்கும், தன் தலையில் முடி வரையச் சொல்ல ஆள் கிடைக்காது. நாற்பத்தைந்து தடவை சரியாக வரவில்லை. நாற்பத்தாறாவது வந்தது. வந்த முடி சுருங்குவதை அவரால் தாங்க முடியவில்லை. சுருங்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டது யார் என்று வெளியில் தெரிவதை அதைவிடத் தாங்க முடியவில்லை. ஒரு மனிதனின் வேலையும் மானமும் அந்த முடிக்கு முன்னால் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"நாற்பத்தாறு தடவை," என்றார் பெரிய டாக்டர். "அந்தப் பொறுமை நோயாளிக்கும் இருக்கும்னு நினைச்சுட்டீங்க."

பிறகு ஒப்புதல் கடிதத்தை எடுத்து, மாப்பிள்ளையின் பெயர் இருந்த இடத்தை அடித்துவிட்டு, பேனாவோடு சேர்த்து இயக்குநரின் பக்கம் தள்ளினார். நாளையிலிருந்து தியானத்தை வீட்டிலேயே முழுநேரமாகச் செய்யலாம் என்றும் சொன்னார்.

நாலரை மணிக்கு மாப்பிள்ளை தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்டிக்கரைப் பிய்க்க மறந்துபோயிருந்தார். விலக்குப் பட்டியலைத் திறந்தார். அதில் ஒரே ஒரு வரி. அழித்தார். இயக்குநரின் படத்தையே எடுத்துவிடலாமே என்றான் மொக்கை.

"எதுக்குங்க. அவர் பாட்டுக்கு இருக்கட்டும்," என்றார் மாப்பிள்ளை. "டோக்கன் மேல. அவர் அடியில. தேடி இறங்கி வர்றவங்களுக்குத் தெரிவார்."

கீழே கூடத்தில் முதலில் ஒரு பெண்மணி நிமிர்ந்தாள். பிறகு மாவுக்கட்டுக்காரர். பிறகு ஆங்காங்கே நாற்காலிகள் கிறீச்சிட, ஒவ்வொருவராக எழுந்து மாடிப்படியைப் பார்த்தார்கள். மாடியில் குறுக்கெழுத்துகள் அவசரமாக மேஜை இழுப்பறைக்குள் போயின. ஆறு நாள் கழித்து அந்தக் கட்டடத்தில் எலும்புகள் நகர்ந்தன. வெப்சைட் மெதுவானது ஊரிலேயே ஓர் இடத்தில் மட்டும்தான்: இயக்குநர் அறை வாசலில், சுருங்கிய புதிய படத்தை ஒரு தடவை வாங்க வேண்டியிருந்த அந்தத் திரை, முதல் முறையாக 1.1 வினாடி என்று காட்டிவிட்டு விழித்தது.

வாத்தியார் சர்வர் அறை வாசலில் நின்று தன் முழங்காலுக்கு டோக்கன் போட்டார். போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு வருடத்தில் மாப்பிள்ளையிடம் நேராக அவர் பேசியது குறைவு என்பதால், எங்கே ஆரம்பிப்பது என்று கொஞ்சம் தடுமாறினார்.

"மாப்பிள்ளை, ஒரு வினாடின்னு சொன்னீங்க. எனக்கு ரெண்டு ஆச்சு."

மாப்பிள்ளை திரும்பினார். "ஒண்ணு சர்வர் எடுத்துக்கிச்சு மாமா. இன்னொண்ணு உங்க விரல்."

வாத்தியார் தன் விரலைத் தூக்கிச் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு குனிந்து, மாப்பிள்ளையின் சட்டையிலிருந்த ஸ்டிக்கரை மூலை பிரிந்திருந்த இடத்தில் பிடித்து உரித்து, மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.